ஒரு சொல்லுக்கு இரு பொருளா?

தந்தை யாரென முடிவுசெய்யும் ஆய்வை ‘மரபணு ஆய்வு’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. புழுவை எதிர்க்குமாறு மாற்றப்பட்ட பருத்தியை ‘மரபணு மாற்றுப் பருத்தி’ என்கின்றன. முன்னதில் அச்சொல் டி.என்.ஏ.வைக் குறிக்கின்றது, பின்னதில் ஜீனைக் குறிக்கின்றது. இஃது மொழியின் வறுமையன்று, எழுதுவோரின் சோம்பல். (‘அணு’ தமிழா என்னும் வழக்கை இங்கு எடுக்க வேண்டா.)

சென்ற திங்கள் மாணாக்கன் ஒருவன் தன் அறிவியற் குறிப்பேட்டை நீட்டி, “ஐயா, மரபணுவை வெட்டி மரபணுவோடு ஒட்டுவது மரபணு மாற்றம் என்று எழுதியிருக்கிறேன், இதற்கு என்ன பொருள்?” என்று வினவினான். யான் தமிழாசிரியன், ஆயினும் பிழை என் துறையதே என உணர்ந்தேன்.

மாந்தக் கண்ணறை ஒன்றன் கருவினுள் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர். முறுக்கிய ஈரிழை அது, மரபிழை என்போம். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துகளால் அதில் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைட்டோசினும் நிற்கும். புரதம் ஆக்கும் கட்டளையாக அவ்விழையில் அமைந்த பகுதியே மரபன். மாந்தரிடத்து அத்தகைய மரபன்கள் ஏறத்தாழ 20,000. அவற்றுள் புரதத்துக்குரிய எழுத்துகள் மரபிழை முழுமையில் நூற்றுக்கு இரண்டு பங்கும் தேறா. நூலும் அதன் ஓர் அதிகாரமும் ஒன்றாமோ?

“அப்படியாயின் ஆங்கிலச் சொற்களையே ஆள்க” என்பார் ஒன்று கேட்க. மரபிழையை வெட்டும் நொதிகளுட் பல கண்ட இடத்தில் வெட்டா. குவானின், அடினின், அடினின், தைமின், தைமின், சைட்டோசின் என எழுத்துகள் நிற்கும் இடம் கண்டே ஒரு நொதி வெட்டும். இவ்வாறெழுத்தை ஓரிழையில் இடமிருந்து வலமாகவும், எதிரிழையில் வலமிருந்து இடமாகவும் படித்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றே. இதற்குப் பெயர் தேடி நாம் யார் வாயிலிலும் நிற்க வேண்டா. திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்று நம்மிடம் உண்டு. அங்கே செய்யுளே திரும்பும். இங்கே இணையிழை திரும்புகின்றது. வேறுபாடு அவ்வளவே. வெட்டுண்ட முனைகள் ஒன்றையொன்று பற்றும் ஒட்டுமுனைகள். பிறிதோர் உயிரின் இழையும் அவற்றில் ஒட்டும். அதுவே மீள்சேர்ப்பு மரபிழை.

1973இல் கலிபோர்னியாவில் இசுட்டான்லி கோகனும் எர்பர்ட்டு பாயரும் இவ்வாறு ஒட்டிய வட்ட மரபிழையைக் குடல்வாழ் நுண்ணுயிரியுள் செலுத்தினர். அது பெருகப் பெருக, ஒட்டிய பகுதியும் பெருகிற்று. 1978இல் மாந்த இன்சுலினுக்குரிய மரபன்களைச் செயற்கையாய் வனைந்து அந்நுண்ணுயிரியுள் புகுத்தி இன்சுலின் ஆக்கினர். 1982இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. அதுகாறும் நீரிழிவு நோயர் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்தினின்று எடுத்ததையே நம்பியிருந்தனர். இத்துணையும் ‘மரபணு’ என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்க முயன்று பாருங்கள்!

மாணாக்கனின் வரியை, ‘ஓர் உயிரின் மரபனைப் பிறிதோர் உயிரின் மரபிழையோடு ஒட்டுவது’ என்று திருத்திக் கொடுத்தேன். உடனே பொருள் விளங்கிற்று. “ஐயா, பாடநூலில் இவ்வாறு இல்லையே, தேர்வில் மதிப்பெண் தருவார்களா?” என்றான். தருவார்கள் என்று சொல்ல என்னால் இயலவில்லை.