வயிறு நிறைந்தும் பசிக்கும் பசு

பால் விலை ஏறுகிறதென்று குறைபடுகிறோம். அந்தப் பாலைத் தரும் பசு என்ன தின்கிறது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

நம் பிள்ளைச்சாவடி கடலோர ஊர். மழைக்காலம் கழிந்தபின் மணற்பாங்கான தரையில் மேயும் பசுவுக்குக் கிடைப்பது முற்றிக் காய்ந்த புல்லே. மாலையில் தொழுவம் திரும்பினால் வைக்கோல். வைக்கோலில் புரதச்சத்து 3 அல்லது 4 விழுக்காடுதான். பசுவின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கச் செய்கின்றன. தீவனத்தில் புரதம் ஏறக்குறைய 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். செரியாத நார் வயிற்றிலேயே தங்கும். மாடு மேற்கொண்டு தின்னாது. பார்ப்பவர் கண்ணுக்கு நிறைந்த வயிறு; உள்ளேயோ பட்டினி!

இந்நிலையில் கடன் வாங்கிக் கலப்பினப் பசுவைக் கட்டினால் மட்டும் பால் பெருகிவிடுமா? உயர்ந்த இனம் என்பது பெரிய குடம்; அதை நிரப்புவது தீவனமன்றோ!

"கடலைப் புண்ணாக்கு வைக்கலாமே" என்பர். அதில் 40 விழுக்காட்டுக்கு மேல் புரதம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் ஏழைத் தாய்க்கு அந்த விலை கட்டுபடியாகுமா? மேலும், ஈரத்தில் பூசணம் பிடித்த புண்ணாக்கின் நச்சு பாலிலும் இறங்கும்.

வழி நம் வேலியிலேயே இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்காலில் கொடிதாங்கி நிற்கும் அகத்தியை யார் அறியார்? அதன் தழையில், உலர்நிலையில், 20 முதல் 25 விழுக்காடு புரதம் உண்டு. நாளொன்றுக்கு 5 கிலோ பசுந்தழையை வைக்கோலோடு கலந்து வைத்தால், அரைக்கிலோ கடலைப் புண்ணாக்கின் புரதத்துக்கு அது ஏறக்குறைய ஈடாகும். மிகுதியாகக் கறக்கும் பசுவுக்கு இது மட்டும் போதாது. கறவைக்கேற்ப அடர்தீவனமும் வேண்டும். நாலைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கோ இது பெருந்துணை.

ஆகவே, கறவை மாட்டுக்குக் கடன் தரும் திட்டங்கள் கையோடு அகத்தி விதையும் தரவேண்டும் என்பது என் கருத்து. குரும்பாப்பட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேட்டால் வழிகாட்ட வல்லுநர்கள் உண்டு. 1969 முதல் நடந்துவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் நாம் ஆண்டுதோறும் மரம் நடுகிறோம். நிழல் மரங்களோடு, ஏழை வீட்டு வேலியோரம் பத்து அகத்தியும் நடுவோம். வரும் கோடையில் அந்த வீட்டுப் பசு நம்மை வாழ்த்தும்!