ஆனைமலையில் ஒரு நாள்

திருப்பூர்வாசிகளாகிய எங்களுக்கு உலகம் நூலில் ஆரம்பித்துப் பனியனில் முடிகிறது. ஆகையால், சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு டாப்ஸ்லிப்புக்குப் புறப்பட்டபோது, அடுத்த வீட்டுக்காரர், "புலி தரிசனம் கொடுக்குமா, ஸார்?" என்று விசாரித்தார்.

புலி தரிசனம் கொடுக்கவில்லை. காட்டு மாடுகளும் மலையணிலும் கொடுத்தன. 1976-ல் சரணாலயமாகவும், 2007-ல் புலிகள் காப்பகமாகவும் ஆன ஆனைமலைக் காட்டின் ஒரு பகுதி, உடுமலை, அமராவதிப் பக்கமாக நமது ஜில்லாவிலேயே இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

மலை உச்சியிலிருந்து தேக்கு மரங்களைக் கீழே சரித்துவிட்ட இடமாதலால் டாப்ஸ்லிப் என்று பெயர் வந்ததாம். வெட்டி வெட்டி மொட்டையாகிவந்த காட்டை மறுபடியும் துளிர்க்கச் செய்தவர் ஹியூகோ வுட் என்னும் ஆங்கில வன அதிகாரி. 1933-ல் காலமான அவர், தாம் வளர்த்த மரங்களின் நிழலிலேயே துயில்கிறார். அந்நியரானாலும், நல்லது செய்தவரை நாம் மறக்கலாகாது.

திரும்பும் வழியில் என் மகள், "அப்பா, காடர்களைப் பார்க்க டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. குழந்தையின் மீது குற்றமில்லை. யானையையும் மனிதரையும் ஒரே பட்டியலில் சேர்த்து, "அங்கே பார்க்கவேண்டியவை" என்று அவளுக்குச் சொல்லிவைத்தவன் நான்தானே!

காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்னும் ஆறு குடியினர் இம்மலைகளில் வாழ்கிறார்கள். 2019 ஆகஸ்டு மாதப் பெருமழையில், வால்பாறைப் பக்கத்திலுள்ள கல்லார்குடி என்ற காடர் கிராமம் மண்சரிவுக்கு இலக்காயிற்று. அருகிலுள்ள தெப்பக்குளமேட்டில் குடியேற அவர்கள் இடம் கேட்டார்கள். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஏட்டில் இருந்துங்கூட, பட்டா கைக்கு வர 2021 ஆயிற்று. ஒரு நாள் உல்லாசத்துக்கு வருகிற நமக்கு வான் தயாராக நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்பவர்களோ குடிசை போட ஒரு துண்டு நிலத்துக்காக இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது!

மகளிடம், "அவர்கள் வேடிக்கைப் பொருள் அல்ல, அம்மா. இது அவர்கள் வீடு, நாம் விருந்தாளிகள்" என்றேன்.

சற்று யோசித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்படியானால், வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளாமலே புறப்பட்டுவிட்டோமே, அப்பா?"

இதற்கு விடை எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்கு அகப்படவில்லை.