தபாலில் வரும் தக்காளி விதை

கூலியும் போனசும் பேச வேண்டிய பத்திரிகையில் தக்காளி விதைக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் சிலர் சின்னச் சின்ன விதைக் கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டு, கறுத்த தக்காளி, பச்சை வரித் தக்காளி, ஒரு பழமே அரைக் கிலோ நிற்கும் தக்காளி என்று விதை வரவழைக்கிறார்கள். சில விதைகள் கொண்ட ஒரு பொட்டலம் மூன்று, நான்கு டாலர். பொழுது போகாதவர் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடலாமே!

தள்ளிவிட முடியாது என்பது நமது கருத்து. எந்த விதை உலகத்தில் இருக்கலாம், எது ஒழிய வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்ற வழக்கே அந்தப் பொட்டலத்தில் அடங்கிக் கிடக்கிறது.

முதலில் அந்த விதைகள் அபூர்வமானது எப்படி? கலிபோர்னியாவில் தக்காளி பறித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1964 முடிவில் அந்த ஒப்பந்தத் திட்டம் நின்றது. இனி கூலி ஏறுமே என்று பண்ணை முதலாளிகள் அலறினார்கள். ஆனால் டேவிஸ் நகரத்துச் சர்வகலாசாலை ஏற்கெனவே அவர்களுக்கு மருந்து தயாரித்து வைத்திருந்தது. ஜனங்களின் வரிப் பணத்தில் அங்கே அறுவடை மெஷினும், அந்த மெஷினுக்கு ஏற்ற தக்காளியும் ஜோடியாகவே உருவாயின. தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் பழுக்க வேண்டும். மெஷின் செடியோடு அறுத்து உலுக்கும்போது பழம் நசுங்கக் கூடாது. ஜாக் ஹன்னா என்ற விஞ்ஞானி பல வருஷம் பாடுபட்டு அப்படி ஒரு ரகத்தைக் கொண்டுவந்தார். ருசி என்னவாயிற்று? அது முதலாளிகள் கொடுத்த கணக்கில் இல்லை.

1960களின் ஆரம்பத்தில் அங்கே சுமார் 4,000 பேர் தக்காளி பயிரிட்டார்கள். 1973-ல் மிஞ்சியவர்கள் சுமார் 600 பேர். 1970களின் கடைசிக்குள் 32,000 பேருக்கு வேலை போயிற்று என்பது ஒரு மதிப்பீடு. விவசாயத் தொழிலாளர் தரப்பில் 1979-ல் சர்வகலாசாலை மீது வழக்கே தொடுத்தார்கள். ஆலைத் தோழர்களுக்கு ஆட்குறைப்பு புதிய கதையல்ல. இங்கே ஆளை மட்டுமா குறைத்தார்கள்? மெஷினுக்காகக் காயின் ஜாதியையே மாற்றிவிட்டார்கள்!

இது சாஸ் ஆலைக்குப் போகும் தக்காளியின் கதை. கறிக்கும் பச்சையாகத் தின்னவும் போகும் பழத்தைப் புளோரிடாவில் இன்றும் கையால்தான் பறிக்கிறார்கள். பச்சைக் காயாகவே பறித்து, எத்திலீன் வாயு விட்டுச் சிவக்கவைத்து, லாரியில் ஏற்றுகிறார்கள். ஆயிரம் மைல் போனாலும் நசுங்காத ரகம்தான் அதற்கும் வேண்டும்.

இப்படிச் சந்தை கழித்துக் கட்டிய விதைகளைக் காப்பாற்றி வைத்தது எந்த அரசாங்கம்? பெரும்பாலும் கிழவிகளும் கிழவர்களும்தான் கொல்லைப்புறத்தில் காப்பாற்றினார்கள். மேற்கு வர்ஜீனியாவில் லாரிகளுக்கு ரேடியேட்டர் பழுது பார்த்த ஒரு தொழிலாளி இருந்தார். பைல்ஸ் என்று பெயர். 'ரேடியேட்டர் சார்லி' என்றால்தான் ஊருக்குத் தெரியும். குழந்தையின் காதைக் கழுவும் ரப்பர் பீச்சுக்குழலால் மகரந்தத்தை எடுத்து, ஒரு தக்காளிக்கு இன்னொன்றைச் சேர்த்து, வருஷக் கணக்காகப் பொறுக்கி எடுத்துப் பெரிய பழம் தரும் செடியை உண்டாக்கினார். நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்று, வீட்டு அடமானக் கடன் 6,000 டாலரையும் ஆறே வருஷத்தில் அடைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதனால் அந்தத் தக்காளிக்குப் பெயரே 'மார்ட்கேஜ் லிப்டர்', அதாவது அடமானம் மீட்பான். ஒரு சார்லி மீண்டார் என்பதற்காக, தக்காளி எல்லார் கடனையும் தீர்க்கும் என்று சொல்ல நாம் வரவில்லை. அந்தக் காலத்து நெருக்கடியில் வீடும் நிலமும் ஏலம் போனவர்கள் லட்சக்கணக்கானவர்கள். ஆனால் சர்வகலாசாலை வாசலை மிதிக்காத ஓர் உழைப்பாளியின் மூளையும் விரலும் என்ன செய்யும் என்பதற்கு அந்தச் செடி சாட்சி.

'செரோக்கி பர்ப்பிள்' என்று இன்னொன்று. 1990-ல் கிரெய்க் லெகுல்லியர் என்ற ரசாயன நிபுணருக்கு டென்னசியிலிருந்து தபாலில் வந்த பெயரில்லாத விதை அது. நூறு வருஷத்துக்கு முன் செரோக்கி மக்கள் கொடுத்தது என்று அனுப்பியவர் எழுதியிருந்தார். சிறு கம்பெனிகள் மூலம் இப்போது அது உலகமெல்லாம் பரவிவிட்டது. அந்தச் செரோக்கி மக்களையோ 1838-ல் பட்டாளத்தை வைத்துப் பிறந்த மண்ணிலிருந்து விரட்டினார்கள். வழி நெடுகச் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். நிலம் பறிபோயிற்று, பெயர் மட்டும் விதைப் பொட்டலத்தில் விலை போகிறது. இதைச் சொல்லாமல் பழத்தின் நிறத்தை மட்டும் வர்ணிப்பவர்களைக் கண்டால் நமக்கு எரிச்சல் வருகிறது.

சரி, சிறு கம்பெனி என்றால் எல்லாம் நல்ல கம்பெனியா? அப்படி நம்பிவிடக் கூடாது. பொட்டலத்தின் மேல் சின்னக் கம்பெனி பெயர் இருக்கும், உள்ளே இருப்பது பகாசுரக் கம்பெனியின் விதையாக இருக்கும். காய்கறி விதையில் ராட்சச நிறுவனமான செமினிஸை 2005-ல் மான்சான்டோ 140 கோடி டாலருக்கு வாங்கியது. 2018-ல் மான்சான்டோவையே ஜெர்மனியின் பேயர் விழுங்கியது. மெய்ன் மாநிலத்தில் பெட்கோ என்று ஒரு விதைக் கூட்டுறவு உண்டு. அதில் 60 பங்கு வாங்குவோருக்கு, 40 பங்கு உழைப்போருக்கு. மான்சான்டோ கைக்குப் போனதும், செமினிஸ் விதையை இனி விற்பதில்லை என்று அது முடிவு கட்டியது. வர்ஜீனியாவில் சதர்ன் எக்ஸ்போஷர் என்ற விதைக் கம்பெனியை, வருமானத்தைப் பொதுவில் வைத்து வாழும் ஒரு குடியிருப்பு நடத்துகிறது. வாழ்த்துவோம். ஆனாலும் 1825-ல் ராபர்ட் ஓவன் அதே அமெரிக்காவில் கட்டிய பொதுவுடைமைக் குடியிருப்பு சில வருஷங்களில் கலைந்துபோனதை நாம் மறப்பதற்கில்லை. சுற்றிலும் முதலாளித்துவக் கடல், நடுவே ஒரு திட்டு!

விதை விஷயத்தில் நாம் பார்க்க வேண்டியது வேறு. தக்காளி தன் பூவிலேயே தானே சூல் கொள்ளும் பயிர். பழைய ரகமானால், பழத்திலிருந்து எடுத்த விதை அதே ரகமாக முளைக்கும். ஒரு தடவை வாங்கியவன் மறுதடவை வாங்க வேண்டியதில்லை. ஏகபோகத்துக்கு இது பிடிக்குமா? வீரிய ஒட்டு விதையில் மறு விதைப்பு சிதறிப் போகும், வருஷா வருஷம் கடைக்கே போக வேண்டும். அந்த ஒட்டு விதை எங்கே தயாராகிறது தெரியுமா? கர்நாடகத்தில் ராணிபென்னூர் பக்கம் போய்ப் பாருங்கள். பூ விரியுமுன்பே சிறு இடுக்கியால் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்து, மறுநாள் காலை ஒவ்வொரு பூவுக்கும் மகரந்தம் தொட்டு வைப்பவர்கள் நம்மைப் போன்ற கூலிப் பெண்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளையும் இந்த வேலையில் இறக்கியிருக்கிறார்கள். கம்பெனியின் 'விஞ்ஞானம்' அவர்கள் விரல் நுனியில் நிற்கிறது. பொட்டலத்தில் அவர்கள் பெயர் இல்லை.

நிலமே இல்லாதவனுக்கு விதை எதற்கு என்று ஒரு விவசாயத் தொழிலாளி கேட்டால், அது நியாயமான கேள்வி. நிலத்துக்கான போராட்டத்தை எந்த விதைப் பொட்டலமும் தீர்த்துவைக்காது. ஆனால் நிலம் கைக்கு வரும் நாளில் விதை கம்பெனியின் பூட்டுக்குள் இருந்தால், குத்தகையை வேறொரு எஜமானுக்கு அளக்க வேண்டிவரும்.

அமெரிக்க விதையைத் தபாலில் வரவழைக்க யாரும் அலைய வேண்டாம். இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாமல் வரவழைப்பதற்கு 2003-ம் வருஷத்து உத்தரவு இடம் தராது. அன்னஞ்சி ஊர்த் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1 நம்மிடம் இருக்கிறது. அது ஒட்டு ரகமல்ல. கொல்லையில் நாலு செடி வைத்தால் போதும். நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, விதையைச் சாற்றோடு டம்ளரில் இரண்டு மூன்று நாள் விட்டால் புளித்து வழுவழுப்பு நீங்கும். அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். ஈரமில்லாத புட்டியில் அடைத்தால் நாலு வருஷம்கூட முளைக்கும். சங்கக் கிளைகள் இதைச் செய்து பார்த்து, மிஞ்சியதைப் பக்கத்து ஊர்க் கிளைக்குக் கொடுக்கலாம். 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவனுக்கு உரிமை தருகிறது. பிராண்டு முத்திரை குத்தி விற்கத்தான் கூடாது.