மாலை போட்டால் போதுமா?

சபாஷ்! 2018-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் நடந்த இளைஞர் ஒலிம்பிக்கில் இந்தியப் பிள்ளைகள் தட்டி வந்தது 13 பதக்கம். தங்கம் 3, வெள்ளி 9, வெண்கலம் 1. அந்த ஒரே வெண்கலம், மும்முறை தாண்டலில் தமிழகத்தின் பிரவீன் சித்திரவேல் வாங்கியது. 2014-ல் சீனாவில் கிடைத்ததோ வெறும் 2 பதக்கம்!

சரி, அப்புறம்? தங்கம் வாங்கிய மூவரில், 2024 வரை பெரிய ஒலிம்பிக்கில் பதக்கம் தொட்டவர் மானு பாக்கர் ஒருவர்தான். 16 வயசில் துப்பாக்கி சுடுதலில் தங்கம், டோக்கியோவில் வெறுங்கை, 22 வயசில் பாரீசில் 2 வெண்கலம். நடுவில் 6 வருஷம்!

ஜெயிச்ச அன்று மாலை போட ஆயிரம் பேர் வருவார்கள். அந்த 6 வருஷமும் சத்தான சாப்பாடும் நல்ல பயிற்சியும் கொடுப்பது யார்? அதைச் சர்க்கார் கவனிக்கட்டும். கைதட்டல் தானாக வரும்.