ஒரு மலையின் முழு நாள்

திருச்செங்கோட்டு மலையைக் காட்டும் நாட்காட்டிப் படங்கள் பெரும்பாலும் வெயில் ஏறிய பகல் வேளையில் எடுக்கப்பட்டவையாகவே இருப்பதால், அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியிருக்கும் அந்தக் குன்றை நேரில் பாராதவர்கள், அது எந்நேரமும் ஒரே நிறத்தில் நிற்கும் கற்பாறை என்று எண்ணிவிடக்கூடும். ஊரில் வாழ்பவர்களுக்கோ அது ஒரு நாளிலேயே பல மலை. வைகறையில் கரிய உருவமாக நிற்பது, சூரியோதயம் ஆனதும் செம்மை பூண்டு, உச்சிப்பொழுதில் வெளுத்து, காவிரிப் பக்கம் பொழுது சாயும்போது மறுபடி சிவந்து, இரவில் விளக்குகளால் மட்டும் அடையாளம் காணப்படுகிறது.

இந்த மாறுதல் அனைத்தையும் ஒரே படத்தில் அடக்கும் கலை இன்று உலகில் வளர்ந்து வருகிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீபன் வில்க்ஸ் 2009-இல் இத்தகைய படவரிசை ஒன்றைத் தொடங்கினார். கேமராவை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, பகலும் இரவுமாக நூற்றுக்கணக்கில் படமெடுத்து, அவற்றுள் சிறந்தவற்றைத் தேர்ந்து, ஒரு பக்கம் பகலும் மறுபக்கம் இரவும் விளங்க அவர் இணைக்கிறார். சிங்கப்பூரின் ஃபாங் சி வெய் 2013-இல் வெளியிட்ட படங்களில், சில மணி நேரத்தில் எடுத்தவற்றைப் பட்டை பட்டையாக நறுக்கி வரிசையாக ஒட்டியிருந்தார்.

எந்தக் கண்ணும் ஒரே கணத்தில் கண்டிராத காட்சியை உண்டாக்குவது பொய்யல்லவா என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். இந்த ஆட்சேபம் நம் நாட்டில் செல்லாது என்பது என் திடமான அபிப்பிராயம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் 1931-இல் ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்த சோழர் காலச் சித்திரத்தில், சிவனடியார் சுந்தரரின் மணம் தடுக்கப்படுவதும், பல்லாண்டுகள் கழித்து அவர் வெள்ளை யானைமீது கைலாயம் ஏகுவதும் ஒரே சுவரில் இடம்பெற்றிருக்கின்றன. அதைப் பொய்யென்று எவரும் சொன்னதில்லை, காலத்தின் நீளத்தைக் கண்ணுக்குக் காட்டும் உபாயமாகவே ஏற்றுக்கொண்டோம். அதற்கும் முற்பட்ட தொல்காப்பியரோ நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வகுத்தார். பொழுதை விட்டு நிலத்தை மட்டும் காட்டும் படம், அவர் கணக்கில் பாதிப் படமே.

ஆகையால் வெளிநாட்டு முறையை அப்படியே பின்பற்ற வேண்டிய அவசியமும் நமக்கில்லை. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்ற ஆறு சிறுபொழுதுகளுக்குப் பத்துப் பத்து நாழிகையாக அறுபது நாழிகை. நாழிகைக்கு ஒன்றாக, அதாவது 24 நிமிடத்துக்கு ஒருமுறை, படமெடுத்தால் ஒரு நாளுக்கு 60 படங்கள். அவற்றை ஆறு பட்டைகளாகச் சேர்த்தால், மலைப்படியோரம் பாறையில் செதுக்கப்பட்ட நீண்ட நாகத்தின்மீது வெயில் ஊர்ந்து செல்வதையும், அடிவாரத்து விசைத்தறிக் கூடங்களில் விளக்கெரிவதையும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் தொலைதூரப் பிரயாணத்துக்குப் புறப்படுவதையும் ஒரே பார்வையில் காணலாம். மானாவாரிச் சோளமும் நிலக்கடலையும் விளையும் இச்சமவெளியின் வாழ்க்கை அம்மலையைச் சுற்றியே நிகழ்வதால், மலையின் ஒரு நாள் என்பது மக்களின் ஒரு நாளும் ஆகும்.

ஒரு நிபந்தனை மட்டும் அவசியம். மேகத்தை அழகுக்காக வேறொரு நாளிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவதும், மின்கம்பியையும் கட்டிடத்தையும் அழிப்பதும் கூடாது. எந்தப் பட்டை எந்த நேரத்தது என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதிவிட வேண்டும். கலையும் சாட்சியும் ஒன்றாக இருப்பதே இம்முயற்சியின் விசேஷம். சுற்றுப்புறம் வேகமாக மாறிவரும் இந்நாளில், அதே இடத்திலிருந்து ஆண்டுதோறும் எடுத்த படங்கள் நம் பேரப்பிள்ளைகளுக்கு அரிய ஆதாரமாகும்.

ஊரிலுள்ள ஸ்டூடியோக்காரர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஈரோடு சாலையிலோ சங்ககிரி சாலையிலோ மலை நன்கு தெரியும் ஒரு மாடியைத் தேர்ந்து, விசேஷம் ஏதுமில்லாத ஒரு நாளையும், சுவாமி மலையிறங்கித் தேரேறும் வைகாசித் திருவிழாவில் ஒரு நாளையும் அவ்விதம் படமாக்குங்கள். பிரதிகளை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள்.