ஆய்வுகள் யாருக்கு? தலவிலக் கரை கேட்கின்றது!

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே அமைந்த தலவிலவைப் புனித அன்னம்மாள் திருத்தலத்தால் இலங்கை முழுவதும் அறியும். கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஐரோப்பிய வணிகன் ஒருவன் ஆலமரத்தடியில் அன்னம்மாளின் உருவத்தை வைத்து வணங்கியதே அத்தலத்தின் தொடக்கம் என்று மரபுக்கதை கூறும். மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் நடைபெறும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் இலட்சக்கணக்கில் அங்கே கூடுகின்றனர். மணலிலே கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குகின்றனர். மேற்கே பெருங்கடல்; கிழக்கே புத்தளக் களப்பு; இடையே தாழ்ந்த மணல் நிலம். வெளியுலகுக்குச் செல்லப் பாலாவியிலிருந்து வரும் நெடுஞ்சாலையே முதன்மையான வழி.

இத்தகைய ஓரிடத்திலே கடலும் காற்றும் நிலத்தடி நீரும் என்ன செய்கின்றன என்பதை முதலில் அறிந்திருக்கவேண்டியவர் யாவர்? அங்கே வலை வீசுபவரும் வெங்காயம் நடுபவரும் அன்றோ? ஆனால் நடைமுறையில் அவர்களே கடைசியில் அறிகின்றனர். அறிவு இல்லாத குறையால் வந்த கேடு அன்று இது. அறிவு இருக்கின்றது, ஆளுக்கொரு பெட்டியிலே பூட்டப்பட்டிருக்கின்றது. இதனையே நாம் குற்றம் என்கின்றோம்.

பெட்டிகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மழையை அளப்பது வளிமண்டலவியல் திணைக்களம். ஆற்று மட்டத்தை அளப்பது நீர்ப்பாசனத் திணைக்களம். கடலை ஆராய்வது நாரா நிறுவனம். கரையரிப்பைக் கவனிப்பது கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். நிலநடுக்கத்தைப் பதிவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். நிலத்தடி நீரைத் துருவுவது நீர்வளச் சபை. இவற்றுக்கு மேலே அனர்த்த முகாமைத்துவ நிலையம். இவற்றுக்கு அப்பால் பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றிலும் திறமை வாய்ந்தோர் உளர். அவர்தம் உழைப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் ஒருவர் அளந்ததை மற்றவர் பெறுவதற்கு விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு, பல வேளைகளில் தனிப்பட்ட அறிமுகம் என்னும் படிகள் பலவற்றை ஏறவேண்டியிருக்கின்றது. அறிஞருக்கே இந்நிலை என்றால் கமக்காரனின் நிலை யாது?

இதனால் விளையும் இழப்பை 2004 டிசம்பர் 26 நமக்குக் காட்டியது. அன்று இலங்கை நேரம் காலை 7 மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே கிழக்குக் கரையை அலை அடைந்தது. ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்துள் நிலநடுக்கத்தை அறிந்து பசிபிக் நாடுகளுக்கு அறிவித்தது. இந்து சமுத்திர நாடுகளுக்கு அறிவிக்கும் ஒழுங்கு அந்நாளில் இருக்கவில்லை. நம் நாட்டிலும், கண்டிக்கு அருகே பல்லேகலையில், உலக நிலநடுக்க வலையமைப்பின் கருவி ஒன்று இருந்தது. நிலம் அதிர்ந்ததை அதுவும் பதிந்தது. பதிந்த செய்தி கல்முனைக்கோ முல்லைத்தீவுக்கோ போய்ச் சேரவில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. கிழக்குக் கரையை அலை விழுங்கி அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பின்னரே காலிக் கரை அழிந்தது. அவ்விடைவெளியிலே கிழக்கு அறிந்ததைத் தெற்கு அறியவில்லை. பெரலியவில் நின்ற புகையிரதத்தோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம். கருவி இருந்தது, தொலைபேசி இருந்தது, வானொலி இருந்தது. ஒருவர் அறிந்ததை மற்றவர்க்குக் கொடுக்கும் ஒழுங்கு ஒன்றே இல்லாதிருந்தது.

அப்பேரழிவின் பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. இவற்றை நாம் வரவேற்கின்றோம். ஆனால் மேலிருந்து கீழே எச்சரிக்கை அனுப்புவது ஒன்று. அறிவைப் பகிர்வது வேறொன்று. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளக் கமக்காரரின் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் போதும்.

கற்பிட்டித் தோட்டங்களுக்கு உயிர் கொடுப்பது கிணற்று நீர். மணலுக்குள்ளே மழைநீர் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவோடு அள்ளினால் நன்னீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே ஏறும். மட்டக்களப்புக் கரையின் மணலும் இத்தன்மையதே. 2004இல் அங்குள்ள கிணறுகளைக் கடல் நிரப்பியபோது, உதவிக்கு வந்த அமைப்புக்கள் பல, நல்லெண்ணத்தோடு, பொறி வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தன. ஒவ்வொன்றும் தன்தன் முறைப்படி இறைத்தது. பக்கத்துக் கிணற்றில் மற்றொன்று கண்டதைக் கேட்டறியும் ஏற்பாடு தொடக்கத்தில் இருக்கவில்லை. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளரும் பிறரும் அக்கிணறுகளை மாதக்கணக்காக அளந்து கண்ட உண்மை யாது? மிகையாக இறைத்தமை பல இடங்களில் நன்னீர்ப் படையைக் குலைத்து உவரை மேலும் உள்ளே இழுத்தது. கிணறுகளைத் தேற்றியதில் மழைக்கே பெரும்பங்கு உண்டு என்பதாம். பின்னர் கிணறு துப்புரவாக்குவதற்கான வழிகாட்டி முறைகளும் எழுதப்பட்டன.

விலைமதிப்பற்ற இப்பாடம் கிழக்கு மக்களின் கண்ணீரால் கிடைத்தது. நாளை ஒரு புயல் எழுப்பும் அலை தலவிலத் தோட்டங்களுக்குள் புகுந்தால், அங்குள்ள கமக்காரன் முதலில் என்ன செய்வான்? நீரிறைக்கும் பொறியை முடுக்குவான். அதனைத் தடுக்கக்கூடிய அறிவு ஆங்கில ஏடுகளிலே அச்சாகி இருக்கின்றது. அவன் கிணற்றடிக்கு அதைக் கொண்டு செல்லும் பொறுப்பு யாருடையது?

கற்பிட்டி ஆய்வாளர் எட்டிப்பாராத இடமும் அன்று. அதன் கிணறுகளில் பசளையால் வரும் நைத்திரேற்று மிகுவதை 1980களிலேயே ஆராய்ந்து எழுதினர். நாற்பது ஆண்டுகளாக மாதிரி நீர் எடுத்த வண்ணம் இருக்கின்றனர். போத்தலில் நீரை நிரப்பிக் கொடுத்த குடும்பத்துக்கு அந்நீரில் என்ன இருந்தது என்று மீண்டு வந்து சொன்னவர் எத்தனை பேர்? மக்களின் கிணறு ஆய்வுக்கு வேண்டும். ஆய்வின் முடிவு மக்களுக்கு வேண்டாமா?

இனி மொழியின் கதைக்கு வருவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டை உலுக்கியது. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளத்துக்கு இலக்கான மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அந்நாட்களிலே பல திசைகளிலிருந்தும் எழுந்தது. தமிழும் அரச கரும மொழியாகும் என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் கூறியது. சட்டப் புத்தகத்தில் சமத்துவம் பெற்ற மொழி, வெள்ளம் ஏறும் இரவிலே பின்வரிசைக்குத் தள்ளப்படுமாயின், அச்சமத்துவத்தால் யாருக்கு என்ன பயன்? விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று. மொழியுரிமை உயிருரிமை என்று நாம் சொல்வது இதனாலேதான்.

அறிவைப் பூட்டி வைப்போர் சில நியாயங்களைக் கூறுவர். அவற்றையும் ஆராய்வோம்.

மக்கள் பீதியடைவர் என்பது முதல் நியாயம். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் கடலடி நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் மேட்டு நிலத்துக்குச் சென்றனர், பேரலை வரவில்லை, வீடு திரும்பினர். செய்தி அறிந்து அஞ்சியவர் உயிரோடு திரும்பினர். 2004இல் செய்தி அறியாதிருந்தவர் திரும்பவில்லை. பீதியைப் பற்றிப் பேசுவோர் இவ்விரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

தரவுகளை விற்பதால் திணைக்களத்துக்கு வருமானம் உண்டு என்பது இரண்டாம் நியாயம். மழைமானியை வாங்கிய பணம் யாருடையது? அதனை வாசிக்கும் உத்தியோகத்தரின் சம்பளம் யாருடையது? தன் வரிப்பணத்தால் வாங்கிய பொருளுக்கு மக்கள் இரண்டாம் முறை விலை கொடுக்க வேண்டுமா? இன்றியமையாத வானிலைத் தரவுகளைத் தடையும் கட்டணமும் இன்றிப் பரிமாறவேண்டும் என்று உலக வளிமண்டலவியல் நிறுவனம் 1995இலேயே தீர்மானித்தது. 2021இல் அக்கொள்கையை மேலும் விரிவாக்கியது. நாடுகளுக்கிடையே நீதியானது ஒரு நாட்டுக்குள்ளே அநீதியாகுமா?

தாம் உழைத்துத் தேடியதைப் பிறர் தம் பெயரில் வெளியிட்டுவிடுவர் என ஆய்வாளர் அஞ்சுவது மூன்றாம் நியாயம். இதில் உண்மை உண்டு. உழைத்தவருக்குரிய பெயர் உழைத்தவருக்கே சேரவேண்டும். அதற்கு விதி வகுக்கலாம். ஆனால் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் காத்திருக்கும் ஏட்டுக்காகக் கடல் காத்திருப்பதில்லை. உயிரோடு தொடர்புடைய அளவை முதலில் ஊருக்குச் சொல்லுங்கள். கட்டுரையைப் பின்னர் எழுதுங்கள்.

பிற நாடுகள் செய்து காட்டியிருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவிலே கில்பேட் வைற் என்னும் புவியியலாளர் 1976இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் இயற்கை இடர்களுக்கென ஒரு நிலையம் அமைத்தார். ஆய்வாளரையும் களத்தில் பணிபுரியும் உத்தியோகத்தரையும் ஒரே மேசையில் அமர்த்துவதே அதன் தொழில். செல்வ நாட்டுக்கு அது முடியும் என்பீர்களாயின், வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பர்ப் புயலிலே 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்த வறிய நிலம் அது. 1972இல் அங்கே தொடங்கிய புயல் முன்னாயத்தத் திட்டம் கிராமந்தோறும் தொண்டரைத் திரட்டி, வானிலை நிலையத்தின் செய்தியை மக்கள் மொழியில் கையொலிபெருக்கி கொண்டு வீடுதோறும் சேர்த்தது. பின்னாளில் பெரும்புயல்கள் வந்தபோதும் 1970இன் அளவுக்குச் சாவு மீண்டும் நிகழவில்லை. வங்காளக் கடலோரத்து உழவனுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

அரசைக் குறை கூறுவதோடு நாம் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. தமிழ்ப் பொறியியலாளரே, விரிவுரையாளரே, மருத்துவரே! உங்கள் ஆய்வுக் கட்டுரை இலண்டனிலே வாசிக்கப்படுகின்றது, கற்பிட்டியிலே வாசிக்கப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடம் சும்மா கிடக்க, வந்தாறுமூலையிலே ஒரு மாணவன் நீர் மாதிரியோடு நாட்கணக்கில் காத்திருக்கும் நிலை ஏற்படலாகாது. கருவி, படகு, ஆய்வுகூடம், நூல் யாவும் பொதுச் சொத்து, பொதுவிலே ஆளப்படவேண்டும். கமக்காரரையும் கடற்றொழிலாளரையும் பாடம் கேட்போராக மட்டும் எண்ணாதீர். எந்தச் சோழகத்தில் கரை எவ்வளவு தின்னப்பட்டது, எந்தக் கோடையில் எந்தக் கிணறு சவர்த்தது என்பதை அவர்கள் ஆண்டுக்கணக்காக நினைவில் வைத்திருக்கின்றனர். அதுவும் தரவுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

நாம் கோருவன நான்கு.

முதலாவது, கற்பிட்டிக் குடாநாட்டில் ஆய்வு செய்யும் எவரும், அரச நிறுவனமாயினும் அயல்நாட்டு நிறுவனமாயினும், தம் அளவுகளின் பிரதியையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சுருக்கத்தையும் பிரதேச செயலகத்தில் வைக்கவேண்டும். எவரும் அதனைப் பார்க்க முடியவேண்டும்.

இரண்டாவது, மழை, ஆறு, கடல் மட்டம், நிலத்தடி நீர் ஆகியவற்றின் அளவுகள் ஆய்வாளருக்கும் குடிமக்களுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கைகள் இரு மொழிகளிலும் ஒரே வேளையில் வெளிவரவேண்டும். தமிழ் நாளைக்கு என்னும் வழக்கம் ஒழியவேண்டும்.

நான்காவது, தலவிலத் திருவிழா ஒவ்வொன்றுக்கும் முன்னர், இலட்சம் பேர் எவ்வழியாக எங்கே செல்லவேண்டும் என்னும் வரைபடம் திருத்தல வாசலில் எல்லோரும் காண வைக்கப்படவேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செல்வம் வேண்டுவதன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. ஊர்ச் சங்கங்கள், கமக்காரர் அமைப்புக்கள், ஆசிரியர்கள், சட்டத்தரணிகள் யாவரும் அதனைக் கையில் எடுக்கவேண்டும். நம் கிணற்றில் எடுத்த நீரின் முடிவு எங்கே என்று எழுதிக் கேளுங்கள். நம் கரையின் அளவு எங்கே என்று எழுதிக் கேளுங்கள். விடை வராவிட்டால் மீண்டும் கேளுங்கள். அடுத்த வாடைப் புயலுக்கு முன்னர் அந்த விடைகள் தலவிலக் கரைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும்.