ஒரு ஷில்லிங் இசை

வயிறு நிறைந்தவனுக்கே கலை என்பார் உளர். அதற்கு 1939இலேயே விடை தந்தது இலண்டன் மாநகரம்.

போர் மூண்டதும் அங்கே இசையரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக் கூடத்தின் ஓவியங்களும் பாதுகாப்பிற்காக வெளியூர் சென்றன. வெறிச்சோடிய அக்கூடத்தில் நண்பகல் இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார் புகழ்பெற்ற பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் அம்மையார். அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்டு, அக்டோபர் 10 அன்று முதல் நிகழ்ச்சியில் தாமே தனித்து வாசித்தார். கட்டணம் ஒரு ஷில்லிங். ஆயிரம் பேர் திரண்டனர்! குண்டுகள் விழுந்த நாட்களில் நிலவறையில் தொடர்ந்த அவ்விசை, 1946 வரை ஓயவில்லை. பகைநாட்டில் பிறந்த பீத்தோவனும் அங்கே ஒலித்தார்.

அவர் உலக மேடைகளில் பெற்ற புகழினும் இதுவே பெரிது என்பேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். எளியோர்க்குத் திறக்கும் கதவின் அருமையை அறிவேன். கல்விக்குத் திறந்த அக்கதவு கலைக்கும் திறக்க வேண்டாமா?